நாள் தள்ளிப்போச்சு, கார்டில் ஒரே கோடு: அப்புறம் என்ன?

"முழுகாம இருக்கா"ன்னு சொன்னா எங்க ஓரிக்கைப் பக்கம் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. மாதவிலக்கு வரவில்லை, தலைமுழுகவில்லை, ஆகவே கர்ப்பம். நாள் தள்ளினாலே குழந்தைதான் என்று மொழியே முடிவு கட்டி வைத்திருக்கிறது. அதனால் கார்டில் ஒரே கோடு வந்தால், "ஒண்ணும் இல்லையாம்" என்று பேச்சு முடிந்துவிடும். அது உண்மையா என்று தேடிப் படித்தபோது எடுத்த குறிப்புகள் இவை.

முதலில் கார்டு எதைப் பார்க்கிறது? சிறுநீரில் எச்.சி.ஜி என்ற ஹார்மோன் இருக்கிறதா என்பதை மட்டும். கரு கர்ப்பப்பையில் ஒட்டிய பிறகுதான் அது சுரக்கும். கருமுட்டை வெளிவந்து 6 முதல் 12 நாள் கழித்தே கரு ஒட்டும்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். முட்டை வெளிவந்த பிறகு மாதவிலக்கு வர ஏறக்குறைய 14 நாள். இது பெரிதாக மாறாது. மாறுவது அதற்கு முந்தைய பகுதி. 28 நாள் சுழற்சி உள்ள ஒருத்திக்குக் கடும் காய்ச்சலாலோ மன உளைச்சலாலோ 14-ஆம் நாள் வரவேண்டிய முட்டை 24-ஆம் நாள் வந்தால், மாதவிலக்கு 38-ஆம் நாள்தான் வரும். கணக்குப்படி 10 நாள் தாமதம். உடம்பைப் பொறுத்தவரை தாமதமே இல்லை. அவள் 32-ஆம் நாள் டெஸ்ட் எடுத்தால், கர்ப்பமாகவே இருந்தாலும் ஒரே கோடு வரலாம். அதனால் ஒரு வாரம் கழித்து, காலை முதல் சிறுநீரில் மறுபடியும் பார்க்கணும்.

அப்பவும் ஒரே கோடு என்றால்? முட்டை வெளிவருவதையே தடுக்கும் காரணங்கள் பல. தைராய்டு கோளாறு, திடீரென எடை குறைவது அல்லது கூடுவது, தாய்ப்பால் கொடுப்பது, 40-ஐ ஒட்டிய வயது. 1935-இல் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டெய்னும் லெவென்தாலும் விவரித்த பி.சி.ஓ.எஸ் மிகச் சாதாரணமான காரணம். இதில் சுழற்சி 35 நாளைத் தாண்டிப் போகும்.

மாத்திரைகளையும் யோசிக்கணும். வாந்திக்குப் போடும் டாம்பெரிடோன், சில மனநல மருந்துகள் புரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டி மாதவிலக்கை நிறுத்தலாம். அவசரக் கருத்தடை மாத்திரையும் நாளை மாற்றும். எங்களுடையது கோயில் ஊர். வைகாசி கருடசேவை, வீட்டுக் கல்யாணம் என்று நாளைத் தள்ளிப்போட நோரெத்திஸ்டிரோன் போடுவது உண்டு. நிறுத்தினால் பொதுவாக இரண்டு மூன்று நாளில் மாதவிலக்கு வரும். டாக்டரிடம் இதையெல்லாம் மறைக்காமல் சொல்லணும்.

சரி, குழந்தை இல்லைன்னா விட்டுடலாமா? கூடாது. முட்டை வராத மாதங்களிலும் ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உட்சவ்வை வளர்த்துக்கொண்டே இருக்கலாம். வெளியேறாமல் பல மாதம் தடித்தால், பிற்காலத்தில் புற்றுநோய் அபாயம் கூடும். கல்யாணமாகாத பெண்ணுக்கும், குழந்தை வேண்டாம் என்பவளுக்கும் இது பொருந்தும்.

அதனால் மூன்று மாதம் வரவில்லை என்றால் கட்டாயம் டாக்டரைப் பார்க்கணும். பெரும்பாலும் டி.எஸ்.எச், புரோலாக்டின் ரத்தப் பரிசோதனைகளும் ஒரு ஸ்கேனும் எழுதுவார்கள். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, மயக்கம், தோள்பட்டை வலி இருந்தால் மட்டும் காத்திருக்கவே கூடாது. கருக்குழாயில் கரு தங்கியிருந்தாலும் சில சமயம் கார்டு ஒரே கோடு காட்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.