இரங்கூனில் தொடங்கும் கதை: ‘பராசக்தி’யில் முரண், பாத்திரப்பண்பு, தீர்வு

முன்னுரை

நிகழ்ச்சிகளைக் காலவரிசையில் அடுக்கினால் கதை பிறக்கும். அவற்றைக் காரண காரியத் தொடர்பால் பிணைத்தால் கதைப்பின்னல் பிறக்கும். இப்பிணைப்பை உண்டாக்குவன மூன்று: பாத்திரத்தின்முன் வந்து நிற்கும் முரண், அதனை அப்பாத்திரம் எதிர்கொள்ளும் முறையை வகுக்கும் பண்பு, முரண் அடங்கும் தீர்வு. இம்மூன்றும் ஒன்றையொன்று இயக்கும் முறையைப் ‘பராசக்தி’ (1952) திரைப்படத்தின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்தைத் தழுவி மு. கருணாநிதி திரைக்கதையும் உரையாடலும் எழுத, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய படம் இது. இன்று யாங்கோன் என வழங்கும் இரங்கூன் மாநகரமே இக்கதையின் வித்து விழுந்த நிலமாகும்.

மரபில் கதைப்பின்னல்

சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் நாடகத்திற்குரிய ஐந்து சந்திகளைக் குறிப்பிடுகிறார். அவை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்பன. உழுத நிலத்தில் இட்ட வித்து முளைத்து, இலைவிட்டு, கருக்கொண்டு, முற்றி, உண்ணப்படும் வரையுள்ள வேளாண் நிலைகளோடு இவை ஒப்பிடப்படுகின்றன. வித்தில் இல்லாதது விளைவில் வாராது என்பதே இவ்வுவமையின் உட்பொருள் எனலாம். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் துன்பியல் நாடகத்தில் கதைப்பின்னலுக்கு முதலிடமும் பாத்திரப்பண்புக்கு அடுத்த இடமும் தந்தார். ஆயினும் நிகழ்ச்சிகள் இயல்பாகவோ இன்றியமையாமையாலோ ஒன்றிலிருந்து ஒன்று தோன்ற வேண்டும் என அவர் வற்புறுத்தியதை நோக்க, இவ்விரு மரபுகளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன.

பிரிவு எனும் வித்து

1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இரங்கூன் மக்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். 1941 டிசம்பர் 23 அன்று சப்பானிய விமானங்கள் அந்நகரில் குண்டு வீசின. 1942 மார்ச் மாதத்தில் நகரம் சப்பானியர் கைப்பட்டது. பல இலட்சம் இந்தியர் கடல்வழியாகவும் காட்டுவழியாகவும் வெளியேறினர்; வழியில் மாண்டோர் பல்லாயிரவர்.

இவ்வரலாற்று நிகழ்ச்சியைப் படம் ஒரு குடும்பத்தின் முரணாகச் சுருக்குகிறது. சந்திரசேகரன், ஞானசேகரன், குணசேகரன் ஆகிய உடன்பிறந்தார் மூவர் இரங்கூனில் வாழ்கின்றனர். தங்கை கல்யாணியும் தந்தை மாணிக்கம் பிள்ளையும் மதுரையில் உள்ளனர். தங்கையின் திருமணத்திற்குச் செல்லக் குணசேகரன் ஒருவனுக்கே கப்பலில் இடம் கிடைக்கிறது. போரினால் அக்கப்பலும் காலந்தாழ்ந்தே கரை சேர்கிறது. அதற்குள் கல்யாணிக்குக் குழந்தை பிறக்கிறது. கணவன் விபத்தில் இறக்கிறான். அவ்வதிர்ச்சியில் தந்தையும் இறக்கிறார். போர் எனும் புறமுரண் செய்வது இவ்வளவே: உறவுகளைப் பிரித்து வைக்கிறது. பிரிந்தவர் எவ்வழிச் செல்வர் என்பதைப் போர் முடிவு செய்வதில்லை.

பண்பு வகுக்கும் வழிகள்

அதனை முடிவு செய்வது அவரவர் பண்பாகும். குணசேகரன் எளிதில் நம்புபவன். ஆகவே சென்னையில் வஞ்சிக்கப்பட்டுப் பொருளை இழக்கிறான். அவனே மானமும் மிக்கவன். ஆகவே இட்டலிக்கடை நடத்தி வாழும் தங்கையின்முன் தன் வறுமையைச் சொல்ல நாணிப் பித்தன்போல் நடிக்கிறான். இந்நடிப்பு அவனைத் தங்கைக்கு அருகில் இருத்துகிறது. அதே வேளையில் அண்ணனே அருகிலிருப்பதை அவள் அறியாதவாறு மறைக்கிறது. காக்க வந்த பண்பே காப்புக்குத் தடையாகிறது. அவன் தன்னை வெளிப்படுத்தியிருப்பின் கல்யாணி ஊர்விட்டு ஊர் அலைந்திரமாட்டாள். கதையும் அங்கேயே முடிந்திருக்கும்.

கல்யாணி உறுதி மிக்கவள். தன்னை இழிவுசெய்ய முயல்வோரிடமிருந்து ஒவ்வோரிடமாக விலகிச் செல்கிறாள். கோயிற்பூசாரியிடமும் அதே கொடுமையைச் சந்திக்கிறாள். போக்கிடம் அற்ற நிலையிலேயே குழந்தையை ஆற்றில் எறிந்து தானும் உயிர்விட முனைகிறாள். குண்டுவீச்சில் கால் இழந்த ஞானசேகரன் இரந்துண்ணும் நிலையிலும் இரவலரைத் திரட்டிச் சங்கம் அமைக்கிறான். மூத்தவன் சந்திரசேகரன் திருச்சியில் நீதிபதியாகிறான். உணவு கேட்டு வாயிலில் நின்ற பெண்ணை இன்னார் என அறியாமல் விரட்டுகிறான். ஒரே போரில் சிக்கிய ஒரே குடும்பத்தார் நால்வர் நான்கு வழிகளில் செல்வதற்குப் பண்பு வேற்றுமையே காரணமாகிறது.

தீர்வின் இயல்பு

வீட்டு வாயிலில் தங்கையை அறியாத சந்திரசேகரன் நீதிமன்றத்தில் அவளை அறிகிறான். அங்கு அவள் கதையைக் கேட்பது அவன் கடமை. வாயிலில் அவன் கேட்கவில்லை. ஆகவே இவ்வறிதல் பாத்திரப்பண்பிலிருந்தே முளைத்த தீர்வாகும். பூசாரியைத் தாக்கிய குற்றத்திற்காக நிறுத்தப்பட்ட குணசேகரன் மறைத்துவைத்த துயரத்தை அவையில் உரைப்பதும் அத்தகையதே. மௌனத்தால் வளர்ந்த முரண் சொல்லால் அவிழ்கிறது. ஆனால் ஆற்றில் எறியப்பட்ட குழந்தை விமலாவின் படகில் விழுந்து பிழைத்தது தற்செயலாகும். அது கல்யாணியின் வழக்கைத் தீர்க்கிறது. குழந்தையை எறியத் தூண்டிய சமுதாயத்தின் மீதான வழக்கைத் தீர்க்கவில்லை. படம் இறுதியில் ஆதரவற்றோர் இல்லம் ஒன்றைத் தொடங்கிவைப்பது இக்குறையை உணர்ந்ததன் அடையாளம் எனலாம்.

தீர்வுக்கு வெளியே நிற்போர்

இரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா 1942இல் இந்தியாவுக்கு நடந்தே திரும்பிய வரலாற்றை நூலாக எழுதினார். அங்கு முரண் வழியோடும் பசியோடும் நோயோடும் ஆனது. தீர்வு ஊர் வந்து சேர்தல் மட்டுமே. உண்மை வாழ்வில் நீதிமன்றக் காட்சி அமைவதில்லை. எனினும் புனைகதை, பயண வரலாறு ஆகிய இரண்டும் தாயகம் திரும்புதலையே முடிவாகக் கொள்கின்றன.

பிற்கால வரலாறு இம்முடிவை ஐயுறச் செய்கிறது. 1962இல் ஏற்பட்ட இராணுவ ஆட்சியின்கீழ் வணிகமும் தொழிலும் நாட்டுடைமையாக்கப்பட்டபோது தமிழர் பலர் மீண்டும் வெளியேறினர். அவ்வாறு தமிழகம் வந்தவருள் சிலர் அங்கு வேர்கொள்ள இயலாமல் பர்மாவுக்கே நடந்து திரும்ப முற்பட்டனர். எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் மோரே என்னும் ஊரில் குடியமர்ந்தனர். அவர்களுக்குத் திரும்ப வேண்டிய வீடு பர்மாவாக இருந்தது. யாங்கோனைவிட்டு நீங்காமல் அங்கேயே தலைமுறைகளாக வாழ்வோரும் உளர். ‘பராசக்தி’யின் கதைப்பின்னலில் இவர்களுக்கு இடமில்லை, அக்கதையில் இரங்கூன் புறப்படும் துறைமுகமாக மட்டுமே நிற்கிறது.

முடிவுரை

முரண் கதையைத் தொடங்குகிறது. பாத்திரப்பண்பு அதன் வழியை வகுக்கிறது. தீர்வு கதையின் மதிப்பீட்டை வெளிப்படுத்துகிறது. எதனைத் தீர்வு எனக் கொள்கிறோமோ, அதனைப் பொறுத்தே எவர் கதை சொல்லத் தக்கது என்பதும் அமைகிறது. திரும்பி வந்தோரைக் கொண்டு எழுதப்பட்ட பர்மாத் தமிழர் இலக்கிய வரலாறு, தங்கியோரின் கதைகளையும் தேடித் தொகுக்கும்போதே முழுமை பெறும். யாங்கோன் தமிழ்க் குடும்பங்களின் வாய்மொழிக் கதைகளில் எது முரணாகிறது, எது தீர்வாகிறது என ஆராய்வது அத்தேடலின் முதற்படியாகும். முதியோர் நினைவோடு அக்கதைகள் மறையுமுன் அப்பணி தொடங்கப்பெற வேண்டும்.