பிளான் இருக்கு, நடக்க மாட்டேங்குதே! கிரீன்லாந்து சொல்லித் தரும் பணப் பாடம்



ஜனவரி மாசம் போட்ட எக்செல் ஷீட் ஞாபகம் இருக்கா? "எமர்ஜென்சி ஃபண்ட் சேர்க்கணும், கிரெடிட் கார்டு கடனை முடிக்கணும், டேர்ம் இன்சூரன்ஸ் எடுக்கணும்"னு கலர் கலரா எழுதி வெச்சிருப்பீங்க. அதுல எத்தனை வரி நடந்திருக்கு?

கவலைப்படாதீங்க, நகராட்சிகளுக்கும் பெரிய நிறுவனங்களுக்கும்கூட இதே சிக்கல்தான். போட்ட திட்டத்தை நடக்க வைக்க உதவுறதையே தொழிலா செய்யும் சின்னச் சின்ன ஆலோசனை நிறுவனங்கள் இருக்கு. அந்த வேலை கிரீன்லாந்து மாதிரி ஒரு இடத்தில் எப்படி இருக்கும்னு இன்னிக்குப் பார்க்கலாம். அங்கே ஒரு திட்டம் எங்கெங்கே மாட்டும்னு பார்த்தாலே, நம்ம ஷீட் எங்கே மாட்டுதுன்னு புரிஞ்சிடும்.

57,000 பேர், ரெண்டே வருமானம்

கிரீன்லாந்து உலகத்திலேயே பெரிய தீவு. ஆனா மக்கள்தொகை சுமார் 57,000தான். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ரோடு கிடையாது. படகு, விமானம், ஹெலிகாப்டர், குளிர்காலத்தில் நாய் வண்டி, அவ்வளவுதான்.

வருமானத்தைப் பாருங்க. ஏற்றுமதியில் 90 சதவீதத்துக்கு மேல் இறாலும் மீனும். அரசாங்கச் செலவில் ஏறக்குறைய பாதி டென்மார்க் தரும் வருடாந்திர மானியம். நம்ம பாஷையில் சொன்னா, ஒரே கம்பெனி சம்பளம், கூட அப்பா அனுப்பும் பணம்.

"எண்ணெய் கிடைச்சா எல்லாம் மாறிடும்"னு ஒரு காலத்தில் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. 2010, 2011-ல் கெய்ர்ன் எனர்ஜி என்ற ஸ்காட்லாந்து நிறுவனம் மேற்குக் கடலில் கிணறுகள் தோண்டியது. லாபகரமா எடுக்கும் அளவுக்கு எதுவும் கிடைக்கலை. 2021-ல் கிரீன்லாந்து அரசே புதுசா எண்ணெய் தேட அனுமதி தர்றதை நிறுத்திடுச்சு. 'ஆன்சைட் கிடைச்சதும் சேமிக்க ஆரம்பிக்கலாம்'னு காத்திருக்கோமே, கிட்டத்தட்ட அதே கதை.

ஆலோசகர் கேட்கும் 3 கேள்விகள்

"மீன்பிடியை மட்டும் நம்பாமல் சுற்றுலாவை வளர்ப்போம்"னு ஒரு நகராட்சி முடிவு பண்ணுதுன்னு வெச்சுக்கோங்க. நல்ல முடிவுதான். இப்போ ஆலோசகர் வந்து உட்கார்ந்தா என்ன கேட்பார்?

முதல் கேள்வி: யார், எந்தத் தேதிக்குள்? வடக்கே அவன்னாட்டா நகராட்சியின் பரப்பு 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆனா அங்கே இருப்பது பத்தாயிரத்துச் சொச்சம் பேர். ஆள் பொறுப்பேற்கலைன்னா காகிதம் காகிதமாவே இருக்கும்.

ரெண்டாவது: இதுக்காக எதை நிறுத்தப் போறீங்க? சின்ன சமூகத்தில் ஒரே ஆள் நாலு பொறுப்பைச் சுமப்பார். அஞ்சாவதைத் தலையில் வெச்சா அஞ்சுமே அரைகுறைதான்.

மூணாவது: செய்ய வேண்டியவங்களுக்கு இது புரியுமா? அங்கே ஆட்சி மொழி கலாலிசூட். ஆனா அலுவலகங்களில் டேனிஷ் மொழியும் நிறையப் புழங்குது. அறிக்கை டேனிஷில் மட்டும் இருந்தா, கலாலிசூட் மட்டுமே பேசும் மீனவர் அதை எப்படிச் செய்வார்?

நடந்து முடிஞ்ச ஒரு திட்டமும் இருக்கு. முன்னாடி கோபன்ஹேகனிலிருந்து தலைநகர் நூக் போகணும்னா, பெரும்பாலும் காங்கர்லுசுவாக்கில் இறங்கி சின்ன விமானத்துக்கு மாறணும். காரணம், நூக்கின் ஓடுபாதை ஆயிரம் மீட்டர்கூட இல்லை. 2,200 மீட்டர் ஓடுபாதையோடு புது விமான நிலையம் 2024 நவம்பர் 28 அன்று திறந்தது. இப்போ நேரடி விமானம். 'வளர்ச்சி' என்ற பெரிய வார்த்தை, அளந்து பார்க்கக்கூடிய ஒரு ஓடுபாதையா மாறினதால்தான் வேலை நடந்தது.

பணம் வர்றதுக்கு முன்னாடியே எழுதின விதி

எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். 2009-ல் வந்த தன்னாட்சிச் சட்டத்தில் ஒரு கணக்கு இருக்கு. மானியம் அன்றைய விலையில் வருஷத்துக்கு சுமார் 344 கோடி டேனிஷ் குரோனர். கனிம வருமானம் 7.5 கோடி குரோனரைத் தாண்டினால், தாண்டின தொகையில் பாதி அளவுக்கு டென்மார்க்கின் மானியம் குறையும்.

இன்னிக்கு வரைக்கும் மானியத்தின் இடத்தைப் பிடிக்கும் அளவுக்குச் சுரங்க வருமானம் வரலை. ஆனா வந்தா என்ன செய்யணும்னு விதி தயாரா இருக்கு. பணம் கைக்கு வந்தப்புறம் முடிவெடுக்க உட்கார்ந்தா, புது போன்தான் ஜெயிக்கும். நீங்களும் இன்க்ரிமென்ட் லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே எழுதி வைங்க: "கூடுற சம்பளத்தில் பாதி சேமிப்புக்கு." மீதிப் பாதியைத் தாராளமா செலவு பண்ணுங்க, யாரும் கேட்க மாட்டாங்க.

இப்போ உங்க ஷீட்டை எடுங்க

"எமர்ஜென்சி ஃபண்ட் சேர்க்கணும்" என்ற வரியை இப்படி மாத்துங்க:

- யார், எப்போ: மாசம் 2-ம் தேதி, சம்பளக் கணக்கிலிருந்து தானாவே 5,000 ரூபாய் ஆர்டிக்குப் போகணும். 24 மாசத்தில் வட்டி இல்லாமலே 1,20,000 ரூபாய்.
- எதை நிறுத்தணும்: பார்க்காத ரெண்டு ஓடிடி சந்தா, வாரத்தில் ரெண்டு ஸ்விகி ஆர்டர்.
- யாருக்குப் புரியணும்: வீட்டில் இருக்கிறவங்களுக்கு. இந்தப் பணம் எதுக்குன்னு அம்மாவுக்கோ மனைவிக்கோ கணவருக்கோ தெரியலைன்னா, அடுத்த தீபாவளிக்கே அது கரைஞ்சிடும். ஷீட்டை ஃபார்வர்டு பண்ணாதீங்க. உட்கார்ந்து, அவங்களுக்குப் புரியும் வார்த்தையில் சொல்லுங்க.

எல்லா வரியையும் இன்னிக்கே மாத்த வேண்டாம். ஆள் பலம் குறைஞ்ச ஊருக்கு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சரி. மாசக் கடைசியில் கையில் கொஞ்சமே மிஞ்சுற நமக்கும் அப்படித்தான். ஒரே ஒரு வரி போதும். அது ஓட ஆரம்பிச்சதும் அடுத்ததுக்குப் போகலாம்.

நீங்க முதலில் மாத்தப் போற வரி எது? தேதியோட, தொகையோட கமெண்டில் எழுதுங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்!