கட்டியவருக்கே உரிய மெய்நிகர் உலகம்

கணினித் திரைக்குள் நிலம் அமைத்து, வீடு கட்டி, உலவி மகிழ்வதற்குரிய இடமே மெய்நிகர் உலகம். 2008 ஜூலையில் கூகுள் நிறுவனம் ‘லைவ்லி’ என்னும் அத்தகைய உலகைத் தொடங்கியது. அவ்வாண்டின் இறுதியிலேயே மூடிவிட்டது. பயனர்கள் அங்கு அமைத்த அறைகளும் அதனுடன் மறைந்தன.

இக்குறையை நீக்க வல்லது திறந்த மூல மென்பொருள். 2007இல் தொடங்கப்பட்ட ‘ஓப்பன்சிமுலேட்டர்’ இதற்குத் தக்க சான்றாகும். இதன் மூலநிரலை எவரும் கட்டணமின்றிப் பெறலாம்; திருத்தலாம்; தம் வீட்டுக் கணினியிலேயே நிறுவலாம். இதில் ஒரு நிலப்பகுதி இயல்பாக 256 மீட்டர் நீளமும் அதே அளவு அகலமும் கொண்டது. ஆர்வலர்கள் அதில் குன்றையும் நீர்நிலையையும் அமைப்பர். கனசதுரம், உருளை, கோளம் முதலிய வடிவங்களை இணைத்து மண்டபம் எழுப்புவர். சிறு நிரல் எழுதிக் கதவுகளை இயங்கச் செய்வர். ‘ஹைப்பர்கிரிட்’ என்னும் இணைப்பு முறையால், பிறர் நடத்தும் உலகங்களுக்கும் சென்றுவருவர்.

கட்டி முடித்த பகுதி முழுவதையும் ஒரே கோப்பாகச் சேமிக்க இயலும். கணினி பழுதுற்றாலும், அக்கோப்பைக் கொண்டு வேறொரு கணினியில் அவ்வுலகை மீட்டெடுக்கலாம். ஆயினும், சேவையகத்தைப் பராமரிப்பதும் படிகளைத் தவறாமல் எடுத்து வைப்பதும் ஆர்வலரின் கடமையாகும். அக்கடமையை ஏற்பவருக்கே தாம் கட்டியது நிலைக்கும்.