மணல் ஆலைத் தொழிலாளரும் புற்றுநோய்க் கணக்கும்

தக்கலையைத் தலைமையிடமாகக் கொண்ட கல்குளம் வட்டத்தின் கடலோரத்தில், மணவாளக்குறிச்சியில், இந்திய அரிய மணல் ஆலை இருக்கிறது. கருமணலைக் கழுவி உலர்த்தி, காந்தத்தாலும் மின்னூட்டத்தாலும் இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் எனப் பிரிப்பது அங்கு நடக்கும் வேலை. மோனசைட்டில் தோரியம் உண்டு. 1909 வாக்கில் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் இந்தக் கரைக்கு வந்ததும் அதற்காகத்தான். அன்றைய காஸ் விளக்கின் மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது.

தோரியத்தின் கதிர்வீச்சு தொழிலாளியை இரண்டு வழிகளில் அடைகிறது. காமாக் கதிர் வெளியிலிருந்து உடலை ஊடுருவும். தூசியும் தோரான் என்ற வாயுவும் மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். ஈரமணலில் தூசி கிளம்பாது. உலர்ந்த மணலைக் கையாளும் பிரிவில்தான் கவனம் வேண்டும். இப்படி மூச்சோடு போய் உடலுக்குள் தங்கி ஆல்ஃபா கதிர் வீசும் பொருள்களை, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்துள்ளது.

கேரளத்தின் கருநாகப்பள்ளியிலும் இதே வகை மணல்தான். அங்கு வசிக்கும் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2009இல் வெளியானது. 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது; ஆனால் காமாக் கதிர் கூடக் கூட நோயும் கூடியதாகத் தெரியவில்லை. இதைக் காட்டி ஆலைத் தொழிலாளருக்கும் பயமில்லை என்று சொல்வது பொருந்தாது. அந்த ஆய்வு அளந்தது குடியிருப்பவர்மேல் படும் கதிரை. உலர்பிரிவில் நிற்பவர் சுவாசிக்கும் தூசியை அல்ல.

தொழிலாளரைப் பற்றிய நேரடிச் சான்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. மோனசைட்டிலிருந்து தோரியம் எடுத்த, சிகாகோ அருகே இருந்த ஓர் ஆலையின் 3,039 ஆண் தொழிலாளர்களின் இறப்புகளை 1983இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பொதுமக்களின் இறப்பு விகிதத்தை 1 என்று கொண்டால், எல்லாக் காரணங்களாலும் நேர்ந்த இறப்பு 1.05, நுரையீரல் புற்றுநோயால் 1.44; கணையப் புற்றுநோயால் 2.01. புகைப்பழக்கத்துக்கும் இதில் பங்கிருக்கலாம். இறப்புகளின் எண்ணிக்கையும் சிறியது. எனவே முழுப் பழியையும் தோரியத்தின் மேல் போட முடியாது, விட்டுவிடவும் முடியாது.

இப்படிப்பட்ட ஒப்பீட்டில் ஒரு பொறி உண்டு. உடல்நலம் உள்ளவரைத்தான் ஆலை வேலைக்கு எடுக்கும். நோயாளி இடையிலேயே நின்றுவிடுவார். பொதுமக்களில் படுத்த படுக்கையாய்க் கிடப்பவரும் அடக்கம். ஆகவே வேலையால் ஆபத்து இருந்தாலும் கணக்கில் அது குறைவாகவே தெரியும். புற்றுநோய் தலைகாட்டப் பத்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகும் என்பதால், ஓய்வுபெற்றோரையும் ஒப்பந்தத் தொழிலாளரையும் விட்டுவிடும் ஆய்வு அரைகுறைதான்.

கதிர்வீச்சுப் பணியாளருக்கு இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் விதித்த வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்; எந்த ஓராண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தொழில்சார் புற்றுநோயை அறிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. அந்தக் கடமையை மருத்துவருக்கும் வைத்தது. ஆனால் நோயாளி சொன்னால்தானே மருத்துவருக்குத் தெரியும்? ஆலையில் வேலை பார்த்தவர்கள் எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டு இருந்தார்கள் என்பதை மருத்துவக் குறிப்பில் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.