காது இரைச்சல்: மெஷினும் துப்பாக்கியும் விட்டுச்செல்லும் காயம்

மலேசியாவின் பிரிஞ்சாங் மலைச்சரிவுகளில் கூடை சுமந்து கையால் தேயிலைக் கொழுந்து கிள்ளுவது குறைந்துவிட்டது. ஆள் பற்றாக்குறையால் முதலில் கத்தரி வந்தது. பிறகு இருவர் இருபுறமும் பிடித்து நடக்கும் எஞ்சின் மெஷின் வந்தது. முதுகில் சுமக்கும் மருந்து பம்பு, புல் வெட்டும் மெஷின், தொழிற்சாலையில் இலை உருட்டும் இயந்திரம் என்று தோட்ட வேலையே சத்தத்துக்குள் போய்விட்டது. வேலை விட்டு வந்து, இரவில் எல்லாம் அடங்கிய பிறகு, "காதுக்குள்ள வண்டு கத்துற மாதிரி இருக்கு" என்பார்கள் தொழிலாளர்கள். இராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். ஒருவருக்கு எஞ்சின், மற்றவருக்குத் துப்பாக்கி, காயம் ஒன்றே. வயசாகிவிட்டது என்றோ, மலைக்குளிர் என்றோ இதைத் தள்ளிப்போடக் கூடாது.

காதுக்குள் என்ன நடக்கிறது?

உட்காதில் நத்தைக்கூடு வடிவிலான உறுப்பு இருக்கிறது. ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் ஒலியை நரம்புக்குக் கடத்துகின்றன. பெருஞ்சத்தம் இவற்றைச் சிதைக்கும். செத்த செல் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. அங்கிருந்து வரவேண்டிய ஒலி குறையும்போது, மூளை தானே ஓர் ஒலியை உண்டாக்கிக்கொள்கிறது என்பது மருத்துவர்களின் விளக்கம். அதுதான் இரைச்சல்.

முதலில் பாதிக்கப்படுவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர்ந்த ஒலிகள். பேச்சில் வரும் ‘ச’, ‘த’ போன்ற மெல்லிய ஒலிகள் நழுவும். "சத்தம் கேக்குது, என்ன பேசுறாங்கன்னு புரியல" என்று ஒருவர் சொன்னால், பழுது தொடங்கிவிட்டது என்று பொருள்.

எவ்வளவு சத்தம் ஆபத்து?

8 மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2 மணி நேரம், 100 என்றால் 15 நிமிடம். புல் வெட்டும் மெஷின் பிடிப்பவரின் காதருகே 95 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அளவுகோல் கையில் இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேசவேண்டியிருந்தால் அந்த இடம் காதுக்கு ஆபத்தானது.

துப்பாக்கியின் ஆபத்து வேறு வகை. இராணுவத் துப்பாக்கியின் வெடியோசை 150 டெசிபலையும் தாண்டும். காப்பு இல்லாத காதில் ஒரே வெடி நிரந்தரச் சேதம் செய்யக்கூடும். அமெரிக்காவில் முன்னாள் வீரர்கள் இழப்பீடு பெறும் பணிக்காலக் குறைபாடுகளில் காது இரைச்சல்தான் முதலிடத்தில் உள்ளது. படையில் சேரும் பிள்ளைகளும், தேசிய சேவைப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளும் காதடைப்பான் இல்லாமல் சுடுதளத்தில் நிற்கக் கூடாது.

மலைப்பாதையில் காது அடைப்பது வேறு

தாப்பாவுக்கோ சிம்பாங் பூலாய்க்கோ இறங்கும்போது காது அடைப்பது காற்றழுத்த மாற்றத்தால். எச்சில் விழுங்கினால், கொட்டாவி விட்டால் திறந்துகொள்ளும். இரைச்சல் அப்படிப் போகாது. வேலை முடிந்தபின் வரும் இரைச்சல் மறுநாள் காலை மறைந்தாலும், அது எச்சரிக்கைதான்.

காப்பது எப்படி?

பஞ்சு சத்தத்தைத் தடுக்காது. நுரைக் காதடைப்பானைச் சுத்தமான விரல்களால் மெல்லியதாக உருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே செலுத்தி, விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். மருந்து அடித்த கையோடு தொடக் கூடாது. காதுமூடி அணிந்தால் தலைமுடியோ துணியோ இடையில் சிக்காமல் பார்க்கவேண்டும். மெஷின் பிடிப்பவரை இடையிடையே மாற்றிவிட வேண்டும். மெஷினின் சைலன்சரைப் பழுதின்றி வைத்திருக்க வேண்டும்.

எப்போது மருத்துவரிடம் போகவேண்டும்?

திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அவசரம். அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பார்க்கவேண்டும். சில நாள்கள் தாமதித்தாலும் கேட்புத்திறனை மீட்கும் வாய்ப்பு குறையும். ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு சேர்ந்து அடிக்கும் ஓசை, தலைசுற்றல் இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனையிலோ, அருகிலுள்ள அரசு கிளினிக்கிலோ காட்டினால், தேவைப்படும்போது காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்புவார்கள்.

காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவது, பூண்டு வைப்பது, குச்சியால் குடைவது எதுவும் வேண்டாம். இரைச்சலை அறவே நீக்கும் மாத்திரை இன்னும் வரவில்லை. ஆனாலும் காதுகேள் கருவி, மெல்லிய பின்னணி ஒலி, மன உளைச்சலைக் குறைக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை ஆகியவை பலருக்கு நிம்மதியும் தூக்கமும் தந்திருக்கின்றன. சில காசநோய் ஊசிகளும் அதிக அளவு ஆஸ்பிரினும் இரைச்சலைக் கூட்டலாம். உண்ணும் மருந்துகளை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

சட்டம் தரும் உரிமை

மலேசியாவில் 1989-இன் பழைய விதி தொழிற்சாலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதன் எல்லை 90 டெசிபல். 2019 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்த இரைச்சல் விதிமுறைகள் தோட்டத்துக்கும் பொருந்தும்; எல்லை 85. அதைத் தாண்டும் வேலையில் இருப்பவருக்குக் காதுக்காப்பும் கேட்புப் பரிசோதனையும் தருவது முதலாளியின் கடமை. அதற்குத் தொழிலாளியிடம் பணம் வாங்கக் கூடாது. சத்தத்தால் வரும் கேட்புத்திறன் இழப்பு, சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ ஏற்கும் தொழில் நோய். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆயுதப் படைக்கு இந்தத் தொழில் சட்டம் பொருந்தாது. ஆகவே வீரர்கள் பணியில் இருக்கும்போதே பரிசோதனை செய்து, அறிக்கையைத் தங்கள் மருத்துவக் கோப்பில் சேர்த்துக்கொள்வது அவசியம்.

தோட்டத் தொழிலாளர்களே, காது இரைந்தால் வீட்டுக்குள் மட்டும் சொல்லிப் புலம்பாதீர்கள். மண்டோரிடம் சொல்லுங்கள், கிளினிக்கில் பதியுங்கள், பரிசோதனை கேளுங்கள். போன செவித்திறன் திரும்பாது. இருப்பதைக் காக்க இன்றே தொடங்குங்கள்.