தட்டில் எழுதிய இசை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

கவிஞர் தம் பாட்டை ஏட்டில் எழுதி வைக்கலாம். இசையமைப்பாளர் தம் மெட்டைச் சுரக் குறிப்புகளால் காட்டலாம். ஆனால், வாசிக்கும் அந்த நொடியிலேயே பிறந்து, அப்போதே காற்றோடு கலந்து மறைந்துவிடும் இசையை எந்த ஏட்டில் எழுதுவது? ஜாஸ் என்னும் அமெரிக்க இசைக்கு இக்கேள்வி மிகவும் பொருந்தும். அதற்கு விடையாக வந்தது, கறுப்பு நிறத்தில் வட்டமாகச் சுழலும் இசைத்தட்டு.

பழைய ஜாஸ் இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்போர் பல நாடுகளில் உள்ளனர். அஞ்சல் தலை சேர்ப்பதைப் போல இதுவும் ஒரு பொழுதுபோக்கு என்றே பலர் கருதுவர். உண்மையில், ஒரு கலையின் மூலச் சுவடிகளையே அவர்கள் காத்து வந்துள்ளனர். அது எவ்வாறு என்பதை ஈண்டு காண்போம்.

ஜாஸ் என்பது யாது?

அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்த நகரம் நியூ ஆர்லியன்ஸ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வாழ்ந்த கறுப்பின மக்களிடையே தோன்றி வளர்ந்ததே ஜாஸ். இவ்விசையில் மெட்டு ஒரு சட்டம் மட்டுமே. நம் வித்துவான்கள் ராகத்தைத் தம் மனோதர்மத்தால் விரிப்பது போல, ஜாஸ் கலைஞர் அச்சட்டத்தினுள் ஒவ்வொரு முறையும் புதிதாக வாசிக்கிறார். நேற்று வாசித்தது இன்று வராது. அவருடைய மூச்சின் அழுத்தத்தையும், தாளத்தைச் சற்றே தாமதித்துத் தொடும் நயத்தையும் காகிதத்தில் குறிக்க இயலாது.

பதிவு இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்குப் பட்டி போல்டன் ஒரு சான்று. நியூ ஆர்லியன்ஸில் கார்னெட் என்னும் ஊதுகருவி வாசித்துப் பெரும்புகழ் பெற்றவர் அவர். 1907-ஆம் ஆண்டு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1931-இல் அங்கேயே மறைந்தார். அவர் வாசித்த ஒலிப்பதிவு ஒன்றும் இன்று கிடைக்கவில்லை. கேட்டவர்கள் சொன்ன புகழுரைகள் உள்ளன, இசை இல்லை.

கூம்பின் முன்னே

ஜாஸ் என்ற பெயரோடு முதல் தட்டு 1917-இல் வெளிவந்தது. அதில் வாசித்தவர்கள் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த வெள்ளையர்கள். இவ்விசையைப் படைத்த கறுப்பினக் கலைஞர்களின் சிறந்த பதிவுகளுக்கு மேலும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1923-இல் கிங் ஆலிவர் குழுவினர் இண்டியானா மாநிலத்து ரிச்மண்ட் நகரில் ஜென்னெட் நிறுவனத்திற்காக வாசித்தனர்.

அக்காலப் பதிவில் ஒலிவாங்கி கிடையாது. கலைஞர்கள் ஒரு பெரிய கூம்பின் முன் நின்று வாசிப்பர். ஒலியலைகள் கூம்பினுள் குவிந்து, அதன் முனையிலுள்ள மெல்லிய தகட்டை அதிரச் செய்யும். தகட்டோடு இணைந்த முள் அந்த அதிர்வைச் சுழலும் மெழுகில் கீறும். பதிவுக்கூடத்தின் அருகே இருப்புப்பாதை இருந்ததால், ரயில் வரும்போது வேலையை நிறுத்த வேண்டியிருந்தது. குழுவில் இரண்டாம் கார்னெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். வறுமையில் பிறந்து, சிறுவயதிலேயே பள்ளியை விட்டவர். சிறுவர் சீர்திருத்த இல்லத்தில் கார்னெட் கற்றவர். அப்போது அவருக்கு வயது 21. ஏறக்குறைய நம் வயதுதான்!

பத்து அங்குலத் தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழன்றது. ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிட இசையே அடங்கும். மேடையில் நெடுநேரம் வாசித்துப் பழகியவர்கள், சொல்ல வேண்டியதை மூன்று நிமிடத்தில் சொல்லி முடிக்கக் கற்றனர். 1928-இல் ஆம்ஸ்ட்ராங் பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' அச்சுருக்கத்தின் உச்சம் எனலாம்.

அரக்கும் போரும்

இந்த 78 சுழற்சித் தட்டுகளின் முக்கியச் சரக்கு நம் நாட்டிற்கு அறிமுகமானதே. அது அரக்குப் பூச்சி சுரக்கும் அரக்கு! உலகச் சந்தைக்கு அதனைப் பெருமளவில் அளித்தது இந்தியா. இரண்டாம் உலகப் போரின்போது அரக்குத் தட்டுப்பாடு ஏற்படவே, 1942-இல் அமெரிக்க அரசு தட்டுகளுக்கு அதனைப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுக்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கியது. வானொலியிலும் உணவு விடுதிகளிலும் சுழன்ற தட்டுகள் கலைஞர்களின் பிழைப்பைப் பறித்தன என்பது சங்கத்தின் குறை. இரு பெரிய நிறுவனங்களோடு உடன்பாடு ஏற்பட 1944 வரை ஆயிற்று.

கலைஞர்களின் கோரிக்கை நியாயமானதே. எனினும், ஜாஸ் வரலாற்றில் அது ஓர் இடைவெளியை உண்டாக்கியது. 1943-இல் எர்ல் ஹைன்ஸ் குழுவில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி ஆகிய இருவரும் ஒன்றாக வாசித்தனர். 'பீபாப்' என்னும் புதுப்பாணி உருவாகி வந்த காலம் அது. அக்குழு அவ்வாண்டில் ஒரு தட்டும் வெளியிடவில்லை.

நீண்ட தட்டின் இயற்பியல்

1948-இல் கொலம்பியா நிறுவனம் வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன நீண்ட நேரத் தட்டை அறிமுகப்படுத்தியது. அதன் வேகம் நிமிடத்திற்கு 33⅓ சுழற்சி. வரிப்பள்ளம் மிக நுண்ணியது. பக்கத்திற்கு 20 நிமிடத்திற்கு மேல் இசை அடங்கியது. 20 நிமிடப் பக்கம் ஒன்றின் வரிப்பள்ளத்தை நீட்டி அளந்தால் 400 மீட்டருக்கு மேல் வரும். இருபுற ஒலியைத் தரும் ஸ்டீரியோ தட்டில், பள்ளத்தின் ஒரு சுவரில் இடப்புற ஒலியும் மறுசுவரில் வலப்புற ஒலியும் எழுதப்பட்டுள்ளன. ஒரே முள் இரண்டையும் படிக்கிறது.

இதில் ஒரு குறையும் உண்டு. தட்டு ஒரே சீராகச் சுழன்றாலும், விளிம்பில் முள்ளின் கீழே நொடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் கடக்கிறது, மையத்தருகே 20 செ.மீ. மட்டுமே. அதே அதிர்வுகள் குறைந்த நீளத்தில் நெருக்கப்படுவதால், பக்கத்தின் முடிவில் நுண்ணிய ஒலிகள் சற்று மங்கும்.

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' 1959-இல் வெளிவந்தது. முதல் நாள் பதிவின்போது ஒலிநாடா இயந்திரம் ஒன்று சற்று மெதுவாக ஓடியது. அதனால் தட்டின் முதல் பக்கம் முழுவதும் சுருதி சிறிது உயர்ந்தே ஒலித்தது. 1992-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இது திருத்தப்பட்டது. பழைய தட்டை வைத்திருப்பவரிடம் அந்தச் சுருதி இன்றும் அப்படியே உள்ளது!

பெயர்களைக் காத்தவர்கள்

தொடக்கக்காலத் தட்டுகளின் மேல் குழுத்தலைவரின் பெயர் இருக்கும். உடன் வாசித்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் இரா. பலர் அன்றைய கூலியைப் பெற்றுச் சென்றதோடு சரி. சேகரிப்பாளர்களே பதிவு எண்களை ஒப்பிட்டு, தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, உயிரோடிருந்த கலைஞர்களை வினவி, இன்னின்னார் வாசித்தனர் என்று கண்டறிந்தனர். பிரான்சு நாட்டுச் சார்ல் தெலோனே 1936-இல் இத்தகைய தட்டுப் பட்டியலை நூலாக வெளியிட்டார். ஆங்கில இலக்கியப் பேராசிரியரான மார்ஷல் ஸ்டெர்ன்ஸ் தாம் சேர்த்தவற்றைக் கொண்டு 1952-இல் ஜாஸ் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார். 1966 முதல் அது ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் உள்ளது. ஏட்டுச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சா.வை அறிந்த நமக்கு இம்முயற்சியின் அருமை விளங்கும்.

தட்டு ஆசிரியராகவும் விளங்கியது. பிக்ஸ் பைடர்பெக் தம் வீட்டுக் கிராமபோனில் தட்டைச் சுழலவிட்டு, அதனோடு கூட வாசித்தே கார்னெட் பழகினார். இளைஞரான சார்லி பார்க்கர், லெஸ்டர் யங் வாசித்த பகுதிகளைத் தட்டிலிருந்தே மனப்பாடம் செய்தார். இசைக் கல்லூரிக்குச் செல்லாதவர்களுக்குத் தட்டே கல்லூரி ஆயிற்று.

நாம் கேட்கலாமே!

வினைல் தட்டு மறைந்துவிடும் என்றே பலரும் எண்ணினர். ஆனால், 2022-இல் அமெரிக்காவில் குறுந்தகடுகளைவிட வினைல் தட்டுகளே அதிகம் விற்பனையாயின. முதற்பதிப்புத் தட்டுகளின் விலை மாணவர்க்கு எட்டாது. எனினும் வருந்த வேண்டியதில்லை. 1923-ஆம் ஆண்டுப் பதிவுகள் 2024 சனவரி முதல் நாளன்று அமெரிக்காவில் உரிமை நீங்கிப் பொதுவுடைமை ஆயின. ஆலிவர் குழுவின் 'சைம்ஸ் புளூஸ்' பதிவைக் கைப்பேசியிலேயே கேட்கலாம். ஆம்ஸ்ட்ராங் தனித்து வாசித்த முதல் பதிவு அது. முதன்முறை இரைச்சலே காதில் விழும். இரண்டாம் முறை தாளம் பிடிபடும். மூன்றாம் முறை அந்த 21 வயது இளைஞரின் கார்னெட் தெளிவாகத் தெரியும்.

எழுதப் படிக்க அறியாதவர் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த என் போன்றோர்க்கு இவ்வரலாறு மிகவும் நெருக்கமானது. ஏட்டில் ஏறாத அறிவும் அறிவே. அதனைப் பதிவு செய்வோர் இல்லையெனில், அது உடையவரோடு மறைந்துவிடும். போல்டனின் இசை மறைந்தது. ஆம்ஸ்ட்ராங்கின் இசை நிலைத்தது. இரண்டிற்கும் இடையே இருந்தது ஒரு தட்டு. அதனைத் தூக்கி எறியாமல் துடைத்து வைத்தவர்களுக்கு இசையுலகம் கடமைப்பட்டுள்ளது.