மன்னார் அண்ட் கம்பெனியும் மன்னை எக்ஸ்பிரஸும்

‘கல்யாணப் பரிசு’ பார்த்திருக்கிறீர்களா? 1959-ல் வந்த படம். அப்பாவைக் கேளுங்கள், தாத்தா இருந்தால் இன்னும் நல்லது. அதில் தங்கவேலுவுக்கு வேலை வெட்டி கிடையாது. ஆனால், பெண்டாட்டியிடம் ‘மன்னார் அண்ட் கம்பெனி’யில் மானேஜர் என்று அளந்துவிட்டு, ஜோராக டிரெஸ் பண்ணிக்கொண்டு கிளம்பிப் போவார். போதாக்குறைக்கு, பிரபல எழுத்தாளர் ‘பைரவன்’ நானேதான் என்று இன்னொரு ரீல்!

இந்தக் காலத்தில் இதற்கு ஸ்டைலாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். பர்சனல் பிராண்ட்.

மன்னார்குடிக்கும் அந்தக் கம்பெனிக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. ஆனாலும், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸில் எதிர் பர்த்தில் உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்தபோது எனக்குத் தங்கவேலு ஞாபகம்தான் வந்தது.

2011-ல் மன்னார்குடிக்கு மறுபடி ரயில் வந்ததிலிருந்து, லீவுக்கு ஊர் வந்த இளவட்டங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்ச் சென்னையில் கொட்டுகிற வண்டி அது. பெட்டி முழுக்க முறுக்கு டப்பாவும் லேப்டாப்பும்தான். இந்தப் பையனுக்கு இருபத்தெட்டு வயசு இருக்கும். போனில் எதையோ டைப் அடிப்பதும் அழிப்பதுமாக இருந்தான். எட்டிப் பார்த்தேன் (கெட்ட பழக்கம்தான்). ‘மானேஜர் - அக்கவுன்ட்ஸ்’ என்று எழுதினான். அழித்தான். மறுபடி எழுதினான்.

“என்ன தம்பி, ப்ரமோஷனா?”

“அட ஏன் சார்... அதான் மூணு வருஷமா தட்டிப் போவுது.”

அப்புறம் கொட்டித் தீர்த்துவிட்டான். மாசக் கடைசியில் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து கணக்கை டேலி பண்ணுவது இவன். மறுநாள் அதையே கலர் கலராக ஸ்லைடு போட்டு மீட்டிங்கில் வாசிப்பது இன்னொருத்தன். வாசித்தவன் டீம் லீடர் ஆகிவிட்டான். இவனைக் கூப்பிட்டு, “உனக்கு விசிபிலிட்டி போதாது, பர்சனல் பிராண்டை டெவலப் பண்ணு” என்று அட்வைஸ் பண்ணியிருக்கிறார்கள்.

“அதுக்காக இல்லாத மானேஜர் பதவியைப் போடறதா?”

“நான் போடலை சார். அப்பா போட்டுட்டாரு! பொண்ணு வீட்ல ‘பையன் மானேஜர்’னு சொல்லிட்டாரு. அவங்க லிங்க்ட்இன்ல தேடிப் பார்ப்பாங்கல்ல?”

சாட்சாத் மன்னார் அண்ட் கம்பெனி!

வண்டி நீடாமங்கலத்தில் நின்றது. “இந்த ஊர்னதும் உனக்கு என்ன ஞாபகம் வருது?” என்றேன். “ஜங்ஷன்” என்றான். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு நீடாமங்கலம் என்றால் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, தவில்! ஒரு மனுஷன் ஒழுங்காக வாசித்தால் ஊரே அவருக்கு இனிஷியல் ஆகிவிடும். மிருதங்கத்தில் மன்னார்குடி ஈஸ்வரன் இல்லையா? நம் பக்கத்து விசிட்டிங் கார்டு அப்படித்தான். ‘மன்னார்குடி’ என்று சொன்னதும் வெளியூர்க்காரர்கள் தொண்ணூறுகளின் அரசியலை நினைத்துக்கொண்டு ஒரு மாதிரி சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பைத் தாண்டியும் ஊர்ப் பெயரை மரியாதையாகத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இவர்கள்.

ஊர்ப் பெயராவது பரவாயில்லை. தொழிலே முன்னால் வந்து ஒட்டிக்கொள்வது இன்னும் பெரிசு. மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி ரொம்ப தூரமில்லை. அந்தப் பக்கத்து ஜெயராமன், ஆரம்பத்தில் பிரின்டிங் பிரஸ்ஸில் வேலை பார்த்தவர். பெரிய படிப்பு கிடையாது. 2003-ல் நம்மாழ்வாரோடு டெல்டாவில் நடைப்பயணம் போனபோது விவசாயிகளிடம் மிஞ்சியிருந்த பழைய நெல் ரகங்களைப் பார்த்தார். பிடித்துக்கொண்டார். காட்டுயானம், பூங்கார், குடவாழை, மாப்பிள்ளைச் சம்பா என்று தேடித்தேடி 170-க்கும் மேற்பட்ட ரகங்களைச் சேர்த்தார்.

சேர்த்தவர் பூட்டி வைத்தாரா? அதுதான் இல்லை. ஆதிரெங்கத்தில் வருஷா வருஷம் நெல் திருவிழா போட்டு, வந்த விவசாயிகளுக்கு ஆளுக்கு ரெண்டு கிலோ விதை கொடுத்தார். கண்டிஷன் ஒன்றே ஒன்று... அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். அந்த நாலு கிலோ, இன்னும் ரெண்டு பேருக்குப் போகும். நெல் எங்கெல்லாம் முளைத்ததோ அங்கெல்லாம் அவர் பெயரும் முளைத்தது. ‘நெல்’ என்ற அடைமொழி அவராகப் போட்டுக்கொண்டது இல்லை, நம்மாழ்வார் வைத்தது. 2018 டிசம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போது வயசு ஐம்பதுதான். 2021-ல் தமிழக அரசு வேளாண்மைக்குத் தனி பட்ஜெட் போட்டபோது, பாரம்பரிய நெல் பாதுகாப்புத் திட்டத்துக்கு அவர் பெயரையே வைத்தது.

பையன் கேட்டுக்கொண்டுதான் வந்தான். ஆனால் விடவில்லை.

“கதை நல்லாருக்கு சார். நானும் வித்தையைச் சொல்லிக் கொடுத்துட்டுதான இருக்கேன். அதை வாங்கித்தான் அவன் ஸ்லைடு போட்டான்!”

நியாயமான கேள்வி. கொஞ்சம் திணறித்தான் போனேன். அப்புறம் தோன்றியது. “தம்பி, ஜெயராமன் விதையை எங்க வெச்சுக் கொடுத்தாரு? திருவிழாவுல. ஊரே பார்க்க. நீ ராத்திரி ரெண்டு மணிக்கு, ஒருத்தன் காதுல ரகசியமா கொடுத்திருக்க. ‘இந்த மாசம் இன்ன இடத்துல உதைச்சுது, இப்படி சரி பண்ணினேன், அடுத்த தடவை நீங்களும் பண்ணலாம்’னு அரைப் பக்கம் எழுதி டீம் மொத்தத்துக்கும் மெயில் போடு. மானேஜருக்கு ஒரு சிசி!”

“தற்பெருமை மாதிரி இருக்காதா சார்?”

கும்பகோணம் தாண்டி, ஆடுதுறையும் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. நரசிங்கன்பேட்டையைக் காட்டினேன், ஒன்றும் தெரியவில்லை என்றாலும். அங்கேதான் ரங்கநாதன் ஆசாரி, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நாயனத்தை நீளமாகச் செய்து சுருதியை இறக்கிக் கொடுத்தார். நரசிங்கன்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. பிள்ளையவர்கள் அடக்க ஒடுக்கத்துக்குப் பேர் போனவர் அல்ல. கிராப்பு, ஷெர்வானி, வைரம்! நாயனக்காரர் என்றால் ஊர்வலத்தில் நடந்தே வாசிக்கணும் என்றிருந்த காலத்தில், மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றவர். கச்சேரிக்காரர்களுக்குள்ள தம்பூராவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அதை ஏன் பொறுத்துக்கொண்டார்கள்? அவர் தோடியை எடுத்தால் ஊர் கலையாது, அதனால்தான். அவர் கேட்ட நாற்காலி, அவர் வாசிப்புக்குக் கிடைக்கவேண்டிய நாற்காலி. அதைக் கேட்பது தற்பெருமையில் சேராது என்பது என் கட்சி. கூச்சப்பட்டுக்கொண்டு நின்றால், யாரும் வந்து உட்கார வைக்கப்போவதில்லை.

“சரி, ஆபீஸ்ல உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க?”

வெட்கப்பட்டான். “‘மன்னை’ம்பாங்க சார். கணக்கு எங்கயாவது இடிச்சா, ‘மன்னையைக் கூப்பிடு’ன்னு கத்துவாங்க. கிண்டல்தான்.”

“கிண்டலா! கணக்கு இடிச்சா வேற யாரை இப்படிக் கூப்பிடறாங்க?”

யோசித்தான். “யாரையும் இல்ல சார்.”

அப்படியே கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தூங்கிவிட்டேன்.

விடிந்து செங்கல்பட்டு தாண்டியதும் முழிப்பு வந்தது. பையன் போனை நீட்டினான். ‘மானேஜர்’ காணோம். ‘சீனியர் எக்ஸிகியூட்டிவ். மாதக் கடைசிக் கணக்கு எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிப்பேன்’ என்று இருந்தது.

“அப்பாகிட்ட?”

அதற்குத்தான் தைரியம் தேவைப்பட்டது போல. நம்பரை அழுத்தினான். “அப்பா... நான் மானேஜர் இல்லைன்னு பொண்ணு வீட்ல சொல்லிடுங்க. இல்லன்னா நானே பேசறேன்.”

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது.

“அவங்க என்ன பெரிய ஒழுங்கா? பொண்ணு எம்.எஸ்ஸின்னாங்க, இன்னும் ரெண்டு பேப்பர் பாக்கியாம். நான் பேசிக்கறேன், நீ போனை வைய்யி!”